நாயைத் தேடிய பலகை

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு லிந்துலையில் பைஸரின் கடைக்குப் போகிறவர்கள் ஒரு காலத்தில் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். டிவி, ரேடியோ, ரைஸ் குக்கர் எல்லாம் திருத்துகிற கடை அது. ஊருக்கு அவர் நானா, அதாவது அண்ணன். ஏன் எல்லாரும் தன்னிடம் இரகசியம் சொல்வது போலப் பேசுகிறார்கள் என்று பைஸருக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒரு நாள் பக்கத்து மருந்துக்கடைக்காரர் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, "எழுப்பினதுக்கு கோவிச்சுக்காதீங்க நானா" என்றபோதுதான் சந்தேகம் தட்டியது. எழுந்து வெளியே போய் நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு மேலே மின்னெழுத்துப் பலகையில் சிவப்பு ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது: "சத்தம் போடாதீங்க. பைஸர் நானா தூங்குறார்."

அதை ஓடவிட்டவள் கடையில் திருத்த வேலை பார்க்கும் ஜீவராணி.

"நீங்க தூங்குறது உண்மைதானே நானா?" என்றாள், ஈயத்தை உருக்கி ஒட்டுகிற பற்றாசுக் கோலைக் கீழே வைக்காமல்.

"உண்மையெல்லாம் போர்டுல போடணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் பைஸர் மறுபடியும் தூங்கப் போனார். பலகையை நிறுத்தச் சொல்லவில்லை.

ஜீவராணி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். சின்ன வயதிலேயே அவள் கையில் ஒரு வயரும் உடைந்த ரேடியோவும் கிடைத்தால் ஊருக்கு ஆபத்து. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்த ஓட்டைக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒளித்து வைத்து, குடித்துவிட்டு வரும் மாமாவிடம் சுவரையே பேச வைத்தாள். "இன்னைக்குமா?" என்று சுவர் கேட்டது. மாமா ஒரு வாரம் சாராயத்தைத் தொடவில்லை. ஜீவராணிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் போன அன்றுதான் அவர் மறுபடி குடித்தார். மாமி அவளை மன்னிக்கவே இல்லை. ஸ்பீக்கர் வைத்ததற்காக அல்ல, சிரித்ததற்காக.

பிறகு கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே தையல் இயந்திரத்தைவிட அதைத் திருத்த வருகிறவரின் பெட்டிதான் அவள் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஊருக்குத் திரும்பி ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில் மின்னணு வேலை படித்தாள். படிக்கப் போய்வந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் அழகன். டிக்கட் கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம் அவன் தன் பெயரை ஏதாவது சாக்கு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "பேர வச்சது யாரு, கண்ணு தெரியாதவங்களா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம் ஆனது.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்கள் குடியிருந்த தோட்டத்து விநாயகர் கோயில் திருவிழாவில்.

கோயில் நிர்வாகத்துக்கும் தோட்டத்துச் சங்கத்துக்கும் ஒரே தலைவர், முத்துலிங்கம். எதையும் புதிதாகச் செய்து பக்கத்துத் தோட்டங்களை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதர். பைஸர் கடையின் பலகையைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"கொழும்புல இருக்கிற நம்ம புள்ளைங்க, குவைத்துல இருக்கிறவங்க, எல்லாரும் போன்ல ஒரு மெசேஜ் அனுப்பினா அது கோயில் வாசல்ல ஓடணும். செய்ய முடியுமா புள்ள?" என்று கேட்டார்.

"முடியும் தலைவரே," என்றாள் ஜீவராணி.

பஸ் போகிற ஊரைக் காட்டிக்கொண்டிருந்து கழற்றிப்போட்ட பழைய மின்னெழுத்துப் பலகை ஒன்று பைஸரின் கடையில் கிடந்தது. அதற்குள் இருந்த சிப் மிகவும் பழையது. நினைவகம் ஒரு தீப்பெட்டி அளவு. அதில் தமிழ் எழுத்துகளை அடைக்க இடமில்லை. ஆங்கில எழுத்துகள் மட்டும்தான். அதனால் என்ன, போனில் எல்லாரும் தமிழை ஆங்கில எழுத்தில்தானே அடிக்கிறார்கள்? ஒரு சிம் அட்டையையும் பொருத்தி, கோயில் நோட்டீஸில் அதன் எண்ணை அச்சடித்தார்கள்.

வெள்ளோட்டம் பார்த்த மாலையில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம் நிறையக் கூட்டம். முத்துலிங்கம் தேங்காய் உடைத்தார். பலகை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு முதல் செய்தியை ஓடவிட்டது: "தலைவர் ஒரு எரும."

"யாரு அது?" என்று முத்துலிங்கம் திரும்பினார். அத்தனை தலைகளும் அத்தனை போன்களும் ஒரே சமயத்தில் குனிந்துகொண்டன. ஒவ்வொரு செய்தியும் மூன்று முறை ஓட வேண்டும் என்று ஜீவராணி அமைத்திருந்தாள். எனவே தலைவர் மேலும் இரண்டு முறை எருமையானார்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் நிர்வாகக் கூட்டம். எந்தெந்தச் சொல் பலகையில் வரக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். திருநீறு பூசிய பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோயிலுக்குள் கெட்ட வார்த்தையை யார் முதலில் சொல்வது? கடைசியில் மாதர் சங்கத்துச் சண்முகவடிவுதான் அவர்களைக் காப்பாற்றினார். மலையில் கொழுந்து எடுக்கிறவர். அவர் வாய்க்கு அஞ்சாத கங்காணி கிடையாது.

"எழுதிக்க புள்ள," என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொன்னார். பாதியை எழுத ஜீவராணிக்கே கை வரவில்லை. பெரியவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்கள். "குரங்கு" என்றபோது மட்டும் ஒருவர் கை தூக்கினார்.

"குரங்க எடுத்துருங்க. ரம்பொடை ஆஞ்சநேயர் கோவிச்சுக்குவார்."

குரங்கு தப்பியது. நாய், பன்னி, எருமை, கழுதை, இன்னும் சில அகப்பட்டன.

ஜீவராணி வேலையைத் தொடங்கினாள். அந்தச் சிப்பில் வசதியான கணினி மொழி எதுவும் கொள்ளாது. அசெம்பிளியில்தான் எழுத வேண்டும். சிப்புக்கு நேரடியாகப் புரிகிற கட்டளைகள் அவை. ஒரு வரிக்கு ஒரு துளி வேலை: இந்த எழுத்தை எடு, அந்த எழுத்தோடு ஒப்பிடு, ஒத்து வராவிட்டால் அந்த வரிக்குத் தாவு. "செய்தியில் நாய் இருக்கிறதா பார்" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. நாய் என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. என், ஏ, ஒய் என்ற மூன்று எழுத்து அடுத்தடுத்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத்தான் தெரியும்.

எழுதி முடித்துச் சிப்பில் ஏற்றி, வீட்டுக்குள்ளேயே பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துச் சோதித்தாள். "நாய்" என்று அனுப்பினால் மூன்று நட்சத்திரம் வந்தது. பேசுகிற மாதிரி "எரும" என்று அடித்தால் ஐந்து. அந்த நேரம் பார்த்துச் சண்முகவடிவு உள்ளே வந்தார். அவருக்கு அன்று மனசு சரியில்லை. முத்துலிங்கத்தின் நாய் சண்முகவடிவின் இன்னொரு கோழியையும் தின்றிருந்தது.

"போய்க் கேட்டா என்ன சொல்றாரு தெரியுமா? எங்க டைகர் கோயில் பிரசாதம் சாப்பிட்டு வளந்தது, அது சைவம்ங்கிறார்!"

"அதையே அடிச்சு அனுப்புங்க அக்கா. மிஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்."

சண்முகவடிவு போனில் அடிக்கும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிற பழக்கம் இல்லாதவர். அதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்பார். பட்டென்று அடித்து அனுப்பினார். பலகையில் எல்லாச் சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்தன: "தலைவரேஉன்நாய்எங்ககோழியதின்னுருச்சு." நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. நாய் சங்கிலி இல்லாமல் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது.

"நல்லாத்தான் வேலை செய்யுது," என்று சண்முகவடிவு திருப்தியோடு கிளம்பினார்.

ஜீவராணிக்கு விளங்கவில்லை. அழகன் வேலை முடிந்து வந்ததும் அவனைத் தரையில் உட்கார வைத்தாள். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி எழுத்துகள் எழுதி வரிசையாக வைத்தாள்: யு, என், என், ஏ, ஒய். ஒட்டி எழுதிய "உன்நாய்". அதற்குக் கீழே தேட வேண்டிய சொல்: என், ஏ, ஒய்.

"நீங்கதான் சிப்பு. ஒரு கை மேல் வரிசையில, ஒரு கை கீழ் வரிசையில. நான் சொல்றத மட்டும் செய்யணும். சொந்தமா யோசிக்கக் கூடாது."

"அது எனக்கு லேசு," என்றான் அழகன்.

மேல் விரல் யு-வில். கீழ் விரல் என்-இல். ஒத்து வரவில்லை, மேல் விரல் ஒன்று நகர்ந்தது. என், என்: ஒத்தது. இரண்டு விரலும் நகர்ந்தன. மேலே இன்னொரு என், கீழே ஏ. ஒத்து வரவில்லை.

"கீழ் விரல ஆரம்பத்துல வைங்க. மேல் விரல முன்னுக்கு நகத்துங்க."

அழகன் நகர்த்தினான். மேலே ஏ, கீழே என். இல்லை. மேலே ஒய். இல்லை. "நாய் கிடையாது. ரைட், போலாம்!" என்று பஸ் தட்டுவது போலத் தரையைத் தட்டினான்.

நாய் இரண்டு பேருக்கும் முன்னால் தரையில் படுத்திருந்தது. இரண்டாவது என்-இல்தான் அது ஆரம்பிக்கிறது. முதல் என்-இல் ஏமாந்த விரல், ஆரம்பித்த இடத்துக்கு அடுத்த எழுத்துக்குத் திரும்பி வராமல் அந்த இரண்டாவது என்-ஐத் தாண்டி ஓடிவிட்டது.

"பின்னுக்கு வந்து பார்க்கணும்ல," என்றாள்.

"நீ முன்னுக்குன்னுதானே சொன்ன? யோசிக்கக் கூடாதுன்னும் சொன்ன."

உண்மைதான். எங்கே ஆரம்பித்தோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள சிப்பில் ஒரு சின்ன அறை தேவை. இருந்த அறைகள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஏதாவது குடியிருந்தது. பலகையின் ஓரத்து விளக்குகளைக் கண் சிமிட்ட வைக்கும் கணக்கு ஒன்றில் இருந்தது. ஜீவராணி அதை வெளியேற்றிவிட்டுப் புதியதைக் குடியேற்றினாள். பலகை அதன் பிறகு கண் சிமிட்டவில்லை. ஆனால் எந்த ஒட்டுக்குள் ஒளிந்திருந்தாலும் நாயைப் பிடித்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிடும்போது இரண்டு முறை எழுந்துபோய்ச் சோதித்தாள்.

காலையில் கொடியேற்றம், சாயங்காலம் தேர் என்று ஒரே நாள் திருவிழா தொடங்கியது. கொடியேற்றம் முடிந்ததும் முத்துலிங்கம் தன் கையாலேயே முதல் வாழ்த்தை அனுப்பினார். "விநாயகர் ஆலயத் திருவிழாவுக்கு அனைவரும் வருக." பலகையில் வந்தது வேறு. முதலில் வி, பிறகு மூன்று நட்சத்திரம், பிறகு அகர்.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

"பிள்ளையாருக்குள்ள என்ன கெட்ட வார்த்தை இருக்கு?" என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் யோசித்தார்கள். ஒருத்தன் விரல் விட்டு எழுத்துக் கூட்டினான். கண்டுபிடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அதற்குள் அடுத்த செய்தி. குவைத்திலிருந்து பெருமாள் குடும்பத்தினர் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். முன்னால் ஒரு பீ, பின்னால் ஒரு எல், நடுவில் ஐந்து நட்சத்திரம். பெருமாளுக்குள் எருமை நிற்கிறது என்பது அன்றுவரை தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. அடுத்து பூசாரியின் அறிவிப்பு: "பூசை பண்ணி முடிந்ததும் அன்னதானம்." ஆங்கில எழுத்தில் பண்ணுவதற்கும் பன்னிக்கும் வித்தியாசம் ஏது? "பூசை", ஐந்து நட்சத்திரம், "முடிந்ததும் அன்னதானம்" என்று ஓடியது. பூசாரி சன்னதிக்குள் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மாதிரி எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

கெட்ட வார்த்தையை நேராகவே போட்டிருந்தால்கூட இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது.

முத்துலிங்கம் மூச்சிரைக்க வந்தார். "இந்தா புள்ள! சாமிக்கே நட்சத்திரம் போட்டுட்டியே! தேருக்கு முன்னாடி சரியாகணும்."

ஜீவராணி பலகையின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டு வாகன மண்டபத்தில் மூஞ்சூறு வாகனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பைஸரும் உதவிக்கு வந்திருந்தார். உதவி என்பது டார்ச் பிடிப்பது. வழி ஒன்றுதான் இருந்தது. அகப்பட்ட சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாக நின்றால் நாய். வேறு எழுத்துகளோடு ஒட்டி நின்றால் விட்டுவிட வேண்டும். அப்போது விநாயகர் தப்பிப்பார், பெருமாளும் தப்பிப்பார்.

பண்ணிதான் தப்பவில்லை. அது தனியாகவே நின்றது. முத்துலிங்கத்திடம் போய்ச் சொன்னாள்.

"பன்னிய விட்டுருவோம் தலைவரே. இல்லாட்டி நம்ம கோயில்ல பூசையே பண்ண முடியாது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சம்மதித்தார்.

புதிய வரிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜீவராணியின் கை ஒரு கணம் நின்றது. ஒட்டி நிற்பதை விட்டுவிட வேண்டும் என்றால், இடைவெளி விடாமல் அடிக்கிறவர்களின் நாயையும் விட்டுவிட வேண்டும். விரலைப் பின்னுக்கு இழுத்துக் கஷ்டப்பட்டுப் பிடித்த அதே நாய்! அதையும் தடுக்க வழி தேடலாம். ஆனால் சிப்பில் இடம் இல்லை, தேருக்கு நேரம் இல்லை. சண்முகவடிவின் கோழிகளும் ஞாபகத்துக்கு வந்தன.

"என்ன தங்கச்சி, தனியா சிரிக்கிற?" என்றார் பைஸர்.

"ஒண்ணுமில்ல நானா. லைட்ட இந்தப் பக்கம் பிடிங்க."

சாயங்காலம் தேர் புறப்பட்டது. பலகை தேர்முட்டிக்கு நேர் எதிரே. விநாயகர் முழுசாக வந்தார். பெருமாள் குடும்பம் முழுசாக வந்தது. முத்துலிங்கம் பட்டு வேட்டியோடு வடத்தைத் தொட்டுக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துத் தலைவர்கள் பலகையைப் பார்க்கிறார்களா என்று பார்த்தார். பார்த்தார்கள். அப்போதுதான் அது வந்தது: "தலைவரேஉன்நாய்எங்ககோழியதின்னுருச்சு."

முதல் சுற்றில் கூட்டம் எழுத்துக் கூட்டியது. இரண்டாவது சுற்றில் வாய்விட்டுப் படித்தது. மூன்றாவது சுற்றில் நாதஸ்வரக்காரர் சிரித்துச் சீவாளியைத் தவறவிட்டார். சண்முகவடிவு ஒன்றும் அறியாதவர் போல அரோகரா சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வழி தெரிந்துவிட்டதே! "எங்ககோழியும்." "எங்கவீட்டுசேவலும்." "போனமாசம்ரெண்டு." கீழ் லயம், மேல் லயம், பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற லயம் என்று வரிசையாகக் கோழிகள் பலகையில் ஏறி ஓடின. தேர் நகரவில்லை. வடம் பிடித்தவர்களுக்குக் கை சோர்ந்தது, சிரித்துச் சிரித்து.

"நிறுத்து!" என்றார் முத்துலிங்கம்.

"இப்ப நிறுத்தினா குவைத்து வாழ்த்து எல்லாம் போயிரும் தலைவரே," என்றாள் ஜீவராணி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.

முத்துலிங்கம் நல்ல நிர்வாகி. கூட்டத்தின் மனநிலை அவருக்குத் தெரியும். இதே பலகையில் இப்போதே பதில் சொன்னால்தான் மானம் மிஞ்சும் என்று முடிவெடுத்தார். போனை எடுத்தார். சங்கத்துக் கடிதங்கள் எழுதிப் பழகியவர் அல்லவா? சொல்லுக்குச் சொல் ஒழுங்காக இடைவெளி விட்டு அடித்தார்: "நாளை முதல் என் நாய் கட்டப்படும். முத்துலிங்கம், தலைவர்."

தனியாக நின்ற நாயைப் பலகை கச்சிதமாகப் பிடித்தது.

"நாளை முதல் என்", மூன்று நட்சத்திரம், "கட்டப்படும். முத்துலிங்கம், தலைவர்."

தலைவருடைய எது கட்டப்படும் என்று கூட்டம் ஒரு விநாடி யோசித்தது. பிறகு எழுந்த சிரிப்பில் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்துத் தோட்டத்துத் தலைவர்கள், பூசாரி, பைஸர், எல்லாரும் சிரித்தார்கள். முத்துலிங்கம் முதலில் உறுமினார். பிறகு பலகையில் மூன்றாவது முறையாகத் தன் பெயரைப் பார்த்தபோது, அவருடைய மீசையும் ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்றவர்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

தேர் மெதுவாக நகர்ந்தது.

திருவிழா முடிந்ததும் டைகருக்குச் சங்கிலி வந்தது. சண்முகவடிவின் வீட்டுக்கு ஒரு சேவலும் ஒரு பெட்டைக் கோழியும் போயின. சேவலுக்கு அவர் "தலைவர்" என்று பெயர் வைத்தார். விடிந்ததும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்து அரிசி போடுவது மூன்று லயத்துக்கும் கேட்டது.

முத்துலிங்கம் சில நாட்கள் ஜீவராணியின் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, தூங்குகிற பைஸரை எழுப்பாமல் மெதுவாகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு புள்ள. உன் மிஷினுக்கு அந்த வார்த்தை தெரியாதா?"

"தனியா நின்னா தெரியும் தலைவரே. ஒட்டிக்கிட்டு நின்னா கண்டுக்காது."

"ஒட்டி நின்னாலும் பிடிக்கிற மாதிரி திருத்த முடியாதா?"

"திருத்தலாம். ஆனா விநாயகர் போயிருவார்."

"அப்ப வேணாம்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

அதன் பிறகு கொட்டகலையிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் கோயில்காரர்கள் பலகை கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒரு மாதா கோயிலிலிருந்தும் கேட்டார்கள். பைஸர் பெரிய நினைவகம் உள்ள புதுச் சிப்புகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். அசெம்பிளியில் தலையை உடைக்க வேண்டிய அவசியம் இனி இல்லை என்றார். ஜீவராணி கேட்கவில்லை. ஒரு வரிக்கு ஒரு துளியாகச் சொல்லி ஒன்றை நடக்க வைப்பதில் அவள் ருசி கண்டுவிட்டாள். இப்போது பலகையில் தமிழ் எழுத்துகளையே புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருக்கிறாள். ட, ப, ம எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. ழ மட்டும் படியவில்லை. பல நாள் மல்லுக்கட்டி ஒரு வழியாக அதைப் பலகையில் கொண்டுவந்து, அழகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "இது என்ன, கால்ல ஏறின அட்டை மாதிரி நெளியுது?"

"உங்க பேருக்கு நடுவுல இருக்கிற எழுத்துங்க அது," என்றாள் ஜீவராணி. "இருங்க, இன்னும் கொஞ்சம் அழகாக்கப் பார்க்கிறேன்."